பெரிய எலுமிச்சம்பழம்

இதயத்தின் வால்வு திறந்து மூடுவதைக் கரும்பலகையில் காட்ட முடியாது. எத்தனை சாக்பீஸ் தேய்த்தாலும் அது படமாகத்தான் நிற்கும். திரையில் அது ஓடும்போது கடைசி பெஞ்ச் பையன்கூட நிமிர்ந்து உட்காருகிறான். வலையபட்டிப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறவள் நான். திரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2018-ல் புதிய ஆறாம் வகுப்புப் பாடநூலில் க்யூஆர் கோடு அச்சாகி வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது, இரவு அது திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

வீடியோவில் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் எப்போதும் சரியான விடைதான் வரும். காந்தம் ஒட்டும், நீலம் சிவப்பாகும், விளக்கு எரியும். எடுத்தவருக்கு முடிவு முன்பே தெரியும், எனக்கும் தெரியும், இரண்டாம் முறை பார்க்கும் பிள்ளைக்கும் தெரியும். அறிவியல் நடக்கிற இடம் அதுவல்ல.

மின்கலம் பாடத்துக்கு எலுமிச்சம்பழம், துத்தநாகம் பூசிய ஆணி, செம்புக் கம்பி, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு போவேன். மல்டிமீட்டர் எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழத்தில் ஆணியும் கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் குத்தி, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தால் 0.9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் எண் வரும். அதுவரை எல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “டீச்சர், பெரிய பழமா இருந்தா கரண்ட் ஜாஸ்தி வரும்ல?” என்று கேட்டாள். ஆமாம் என்று வகுப்பே சொன்னது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளே பெரிய பழமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குத்தினாள். அதே 0.9. மீட்டர் கெட்டுப்போச்சு என்றார்கள். சின்னப் பழத்தில் மறுபடி வைத்தார்கள், அதே எண். ஒரு பையன் பழத்தை இரண்டாக வெட்டிப் பாதியில் குத்தினான். அப்போதும் எண் அசையவில்லை.

அதற்குப் பிறகு நான் சொன்னது அவர்கள் காதில் விழுந்த விதமே வேறு. வோல்ட் எவ்வளவு என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு உலோகங்களும், இடையில் இருக்கும் புளிப்பும். பழத்தின் பருமனுக்கு அதில் வேலை இல்லை. சாற்றுக்குள் ஆணியும் கம்பியும் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றன என்பது மின்னோட்டத்தை மாற்றும். டார்ச் பல்பை எரிக்க அந்த மின்னோட்டம் போதாது. மூன்று பழங்களைத் தொடராக இணைத்தால் ஒரு சிவப்பு எல்இடி மங்கலாக எரியும். எரிந்தது. ஜன்னலைச் சாத்தி, கையைக் குவித்துப் பார்த்தார்கள்.

இந்தப் பாடத்தை நடத்த இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா என்று தெரியவில்லை. காரைக்குடிக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் ‘சிக்ரி’ என்ற பெயரைக் கேட்கிறார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த வறண்ட பூமிக்குக் கொண்டுவந்தது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலமும் துருப்பிடித்தலும் அங்கே பெரியவர்களின் முழுநேர வேலை. எலுமிச்சம்பழத்தில் நாம் கேட்ட கேள்வியின் அண்ணன், அக்காக்களை அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது, “நம்ம ஊர்லயா டீச்சர்?” என்றார்கள்.

விடை முன்பே தெரியாத கேள்வி எங்கள் ஊரணித் தண்ணீரிலும் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி, 2014-ல் உலகுக்கு அறிமுகமானது. அட்டையை மடித்துச் செருக வேண்டும், நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு லென்ஸ், 140 மடங்கு பெரிதாகக் காட்டும். போன் கேமராவை அதோடு ஒட்டினால் ஒருவர் கண்ணில் பட்டது எல்லார் கண்ணிலும் படும். பாசி ஓரத்திலிருந்து எடுத்த ஒரு சொட்டில் ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி ஓடியது. அதன் பெயரை என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம் என்றேன். டீச்சருக்கே தெரியாத ஒன்று தங்கள் ஊரணியில் இருக்கிறது என்பதில் அவர்களுக்கு வந்த உற்சாகத்தை எந்த அனிமேஷனும் கொடுத்ததில்லை.

திரையிலும் அப்படி முடிவு தெரியாத ஒரு மாலை வந்தது. 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. 2019-ல் சந்திரயான்-2 அனுப்பிய லேண்டர் விக்ரம் கடைசி நேரத்தில் விழுந்து நொறுங்கியது நினைவில் இருந்ததால், இந்த முறை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் டிவியை விட்டு நகராததற்குக் காரணம் அதுதான்.

பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க வேண்டும் என்பதை அரசும் உணராமல் இல்லை. 2022 நவம்பர் 28-ல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், இருசக்கர வண்டியில் சோதனைப் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேடி வருகிறது. நடுநிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்தன. நல்லது. பொருள் வந்த பிறகு நடப்பதுதான் என் கவலை. நான் பார்த்த பள்ளிகள் பலவற்றில் நல்ல கருவிகள் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் எழுதுவது என்ற பயம் ஆசிரியருக்கு. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. தலைமையிடத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பன்னிரண்டு வயதுக் கை தொட்ட மல்டிமீட்டர் வருடத்துக்கு இரண்டு பாழாகும், லென்ஸ் நாலு தொலையும். அதைச் சாக்பீஸ் தேய்ந்த கணக்கில் எழுத ஒரு பத்தி ஒதுக்குங்கள். பீரோ சாவியை நாங்கள் ஏழாம் வகுப்பு லீடரிடம் கொடுத்துவிடுகிறோம்.