தம்பானூரில் ஒரு பகல்

விமானத்தில் வந்திறங்கி நாஞ்சில் நாட்டுக்குச் செல்லும் நம் அன்பர்களுக்குத் திருவனந்தபுரத்துத் தம்பானூர் பழகிய இடம். ஒரு பக்கம் 1931 இல் திறந்த புகைவண்டி நிலையம்; எதிர்ப்பக்கம் பேருந்து நிலையம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடப்பதோடு நம் தம்பானூர் முடிந்துவிடும். சென்ற விடுமுறையில் எனக்கு அங்கே ஒரு பகல் முழுவதும் தங்க நேர்ந்தது.

எங்கள் தந்தையாரிடம் 1986 இல் வாங்கிய அம்பாசடர் கார் ஒன்று உண்டு. கியர்க் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டியே இருப்பதால், முன்னிருக்கை குறுக்கே நீண்ட ஒரே பெஞ்சு. சிறுவயதில் அதில் தந்தையாரோடு நானும் தம்பியும் நெருங்கி அமர்ந்து செல்வோம். இன்று அதன் வில்கள் தளர்ந்து நடுவே குழி விழுந்துவிட்டது. முழங்கால் அறுவைக்குப் பின் தந்தையாரால் அக்குழியிலிருந்து எழ இயலவில்லை. வேறு காரில் ஏறவோ அவர் இசையவில்லை. உடைத்து விற்ற மாருதி ஒன்றின் முன்னிருக்கைகள் இரண்டை வாங்கி, எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் பொருத்தச் செய்தோம். அரைநாளில் முடிந்தது. மலிவாகவும் முடிந்தது.

மறுவாரம் மருத்துவரைக் காண அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். பாலராமபுரத்துக்கு அருகே ஓர் ஆடு குறுக்கே ஓட, தம்பி பிரேக்கை அழுத்தினான். தந்தையாரின் இருக்கை பின்புறம் பெயர்ந்து முன்னே சாய்ந்தது. நெற்றி முன்பலகையில் இடித்தது. காயம் சிறிதுதான், எனினும் என் கை நடுக்கம் நிற்க வெகுநேரமாயிற்று. அவரைப் பின்னிருக்கைக்கு மாற்றி, மெல்ல ஓட்டித் தம்பானூர் சேர்ந்தோம்.

அங்கே ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர், தோவாளைப் பக்கத்தவர். காலடி விரிப்பை விலக்கித் திருப்புளியால் தரைத் தகட்டைக் குத்தினார். அது அப்பளம்போல் உடைந்தது.

“தம்பி, இருக்கையைப் பாத்தீங்க, அது எதுல இருக்குன்னு பாக்கலியே?” என்றார்.

அம்பாசடருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த அதன் கூடே சட்டமும் ஆகும். எனவே தரைத் தகடு வெறும் மூடியன்று. எங்கள் ஊரில் அந்தத் துருத்தகட்டில் புதிதாகத் துளையிட்டு, காசளவு வாஷர் வைத்து முடுக்கியிருந்தார்கள். மாருதி இருக்கையின் கால்களோ அதன் சொந்தத் தரைக்கென அமைந்தவை. முன்காலும் பின்காலும் ஒரே உயரமல்ல. சமதரையில் வைத்ததும் ஒரு கால் தொங்க, அதை வாஷர் அடுக்கிச் சமன் செய்திருந்தார்கள்.

பெரியவர் துருவை வெட்டி நீக்கிப் புதுத் தகடு பற்றவைத்தார். பழைய பெஞ்சைத் தாங்கிய இடங்களிலேயே குறுக்குச் சட்டங்கள் இரண்டைப் பொருத்தி, தரைக்கு அடியில் உள்ளங்கையளவு கனத்த தகடுகளைக் கொடுத்தார். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளைத் தவிர வேறெதையும் அவர் தொடவில்லை. இருக்கை வாருக்கும் தனித் தகடு வைத்தார்.

வேலை நடக்கையில் தந்தையாரைப் பக்கத்திலுள்ள இந்தியன் காப்பி ஹவுசுக்கு அழைத்துப் போனேன். லாரி பேக்கர் செங்கல்லால் கட்டிய அந்தச் சுருள் கட்டடத்தை அன்பர்கள் அறிவர். படியில்லாமல் தரையே வளைந்து வளைந்து மேலேறும். ஆயினும் சுவரோடு கட்டிய மேசையும் இருக்கையும் சமமாகவே இருக்கும். தந்தையார் காப்பியை ஆற வைத்துவிட்டு இருக்கையின் அடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 1938 இல் திருவிதாங்கூர் அரசு பேருந்து தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து காமர் அடிச்சட்டங்கள்தாம் வந்தன என்றும், மேற்கூட்டை இவ்வூர்த் தொழிலாளரே கட்டினர் என்றும் சொன்னார். எனக்கு அது ஆறுதலாகச் சொன்னதுபோல் பட்டது.

மாலையில் பெரியவர், “அண்ணாச்சி, ஒருக்கா இருந்து பாருங்க” என்றார். தந்தையார் அமர்ந்து எழுந்தார். உயரம் போதவில்லை. கழற்றி ஒரு விரலளவு ஏற்றினார். மீண்டும் கழற்றி அரை விரல் இறக்கினார். மூன்றாம் முறை தந்தையார் என் தோளைப் பிடிக்காமலே எழுந்து நின்றார்.

இதைப் படித்து ஊரிலுள்ள பழைய காரில் கைவைக்க எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. முன்னே இருவர், பின்னே மூவர் என்ற எங்கள் பதிவுக் கணக்கு மாறவில்லை. எனினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே கேட்டிருக்க வேண்டும். நான் பின்னரே கேட்டேன். பழைய பெஞ்சை எறியாதிருக்கும்படி பெரியவரும் சொல்லியிருந்தார்.

அது இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அம்மா அதில் அமர்ந்து கீரை ஆய்கிறார்.