யாருடைய சித்தம்?

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள்ல ரொம்ப மலிவாப் புழங்குற வார்த்தை ஒண்ணு உண்டு. "தேவ சித்தம்." வேலை கிடைச்சா தேவ சித்தம், கிடைக்கலைன்னாலும் தேவ சித்தம். வரன் தட்டிப்போனா தேவ சித்தம், அதே வரன் ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தா அதுவும் தேவ சித்தம். பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, எந்த இன்புட் கொடுத்தாலும் ஒரே அவுட்புட் வர்ற ஃபங்ஷன். டெஸ்ட் பண்ணவே முடியாது :-)

டிஸ்கி: இது நாத்திகப் பதிவு இல்லை மக்களே. ஜெபம் பண்ணிட்டுத் தூங்குற ஆளுதான் நானும்.

அப்பா இறந்தப்போ துக்கம் கேட்க வந்தவங்கள்ல பாதிப் பேர் அம்மாகிட்ட இந்த வார்த்தையைத்தான் சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க, அதுல சந்தேகம் இல்லை. ஆனா சொன்னவங்க சாயங்காலம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. அம்மா மட்டும் அந்தச் சித்தத்தோட அதே வீட்டுல இருந்தாங்க. சுமக்காதவங்களுக்கு இந்த வார்த்தை ரொம்ப லேசா வருதுன்னு அன்னைக்குத் தோணுச்சு.

ஒப்புக்கொடுக்கிறதுன்னா என்னன்னு யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க சீமையில வாழ்ந்த ஒரு அம்மா ஞாபகம்தான் வரும். எங்க ஊர் ஜலகண்டாபுரம் சேலத்துக்கு மேற்கே. அவங்க இருந்தது இன்னொரு பக்கம், நாமக்கல்லைத் தாண்டி கொல்லிமலை. பேரு ஈவ்லின் பிராண்ட். லண்டன்ல வசதியான குடும்பத்துப் பொண்ணு. 1913ல ஜெஸ்ஸி பிராண்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு மலை ஏறினாங்க. இன்னைக்குக் காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவுல பஸ் போகுது. அன்னைக்கு நடை, இல்லாட்டி டோலி.

ஜெஸ்ஸி பட்டம் வாங்கின டாக்டர் இல்லை. வெப்பநாட்டு வைத்தியம் கொஞ்ச நாள் படிச்சவர். நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில சுத்திச் சுத்தி, அறுந்துடாம, நாள்கணக்கா இழுத்து எடுப்பார். மனுஷன் காலை இறக்கித் தண்ணி மொள்ற கிணத்துலதான் அந்தப் புழு பரவுதுன்னு, கிணத்தைச் சுத்திக் கல்சுவர் எழுப்புறதுலயும் இறங்கினார். வருஷங்கள் போச்சு, ஒருத்தரும் அவங்க மார்க்கத்துல சேரலை. விஷக்காய்ச்சல் வந்த காலத்துல, அவங்களை எதிர்த்துக்கிட்டிருந்த பூசாரியே சாகும்போது தன் கைக்குழந்தையை அவங்ககிட்ட ஒப்படைச்சார். அதுக்கப்புறம்தான் மலை கொஞ்சம் திறந்துச்சு.

1929ல ஜெஸ்ஸிக்குக் கருநீர்க் காய்ச்சல் வந்துச்சு. மலேரியா முத்தி வர்றது. நாப்பத்தி சொச்சம் வயசுல போயிட்டார். மகன் பால் அப்போ இங்கிலாந்துல படிச்சுக்கிட்டிருந்தார், பதினைஞ்சு வயசுகூட முடியலை. சாவுச் செய்தி தந்தியில போயிடுச்சு. அப்பா முன்னாடி எழுதிப் போட்ட கடுதாசிங்க கப்பல்ல மெதுவா, அதுக்கப்புறமும் வந்துக்கிட்டே இருந்துச்சாம். அந்தப் பையன்கிட்டப் போய் "தேவ சித்தம் தம்பி"ன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

இதுவரைக்கும் தியாகக் கதை, பிரசங்கத்துல கேட்கிற மாதிரிதான். என்னைப் பிடிச்சு உலுக்கினது இதுக்கு அப்புறம் நடந்தது.

புருஷன் போன பிறகும் ஈவ்லின் இந்தியாவுக்குத் திரும்பி வந்தாங்க. ஆனா மிஷன் அவங்களுக்குக் கொடுத்தது சமவெளியில வேலை. எழுபதை நெருங்கும்போது, வயசாயிடுச்சு, போதும்னு சொல்லிட்டாங்க. கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு வருஷம் வாங்கினாங்க. வருஷம் முடிஞ்ச அன்னைக்கு, "சரி, ஓய்வு வாங்கிக்கிறேன்"னு ஒத்துக்கிட்டு, நேரா மலைக்குப் போயிட்டாங்க! மிஷன் சம்பளம் இல்லாம, சொந்தமா. கொல்லிமலை, பச்சமலை, கல்ராயன்னு அஞ்சு மலைக்கும் போகணுங்கிறது புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட கணக்கு. அதுல பாக்கி இருந்துச்சு.

மிஷன் சொன்னதைக் கேட்டு ஊருக்குப் போயிருந்தா அதுக்கும் "ஒப்புக்கொடுத்தல்"னுதான் பேர் வச்சிருப்போம். சாட்சி சொல்லக்கூட நல்லா இருந்திருக்கும். அவங்க கீழ்ப்படியாமையைத்தான் கீழ்ப்படிதலா நினைச்சாங்க. கெத்செமனேயில இயேசுவே முதல்ல கேட்டது அந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கணும்னுதானே? கேட்டு, வியர்த்து, அப்புறம்தான் தலைகுனிஞ்சார். எடுத்தவுடனே தலையாட்டுறது அசதியாக்கூட இருக்கலாம்.

இன்னொரு விஷயம். அந்த மகன் பால் பிராண்ட் 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோய்ல மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்திக் காட்டின பெரிய சர்ஜன். அம்மா எழுபத்தஞ்சு வயசுல விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சப்போ, மலையை விட்டு இறங்கி வந்துடுங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கலை. ரெண்டு கையிலயும் மூங்கில் கம்பு ஊன்றிக்கிட்டு, குதிரை மேல ஊர் ஊராப் போய்க்கிட்டே இருந்தாங்க. 1974 டிசம்பர்ல, 95 வயசுல இறந்தாங்க. மலை மேலயே ஜெஸ்ஸி பக்கத்துல புதைச்சிருக்காங்க.

முன்னெல்லாம் இந்தக் கதையை அந்த அம்மா பக்கமா நின்னு வாசிப்பேன். இப்போ பால் பக்கம் நிக்கிறேன்.

எங்கம்மாவுக்கு அறுபத்திரெண்டு. சர்க்கரை இருக்கு. பெங்களூருக்கு வந்துடுங்கன்னு ரெண்டு வருஷமாக் கேட்கிறேன். "இந்தத் தறிக்காரங்க புள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை பாட்டுச் சொல்லித்தர யாரு கண்ணு இருக்கா? இங்க இருக்கறதுதான் கர்த்தர் சித்தம்"ங்கறாங்க. வர்றதுதான் சித்தம்னு நான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன். என் ஜெபத்துல கர்த்தர் சித்தம் எப்பவும் என் லீவு கணக்குக்கு ஒத்துவர்ற மாதிரியே இருக்குறது எனக்கே கொஞ்சம் உறுத்துது. என் வாழ்க்கையைக் கடவுள் கையில கொடுக்கிறது ஒருமாதிரி பழகிடுச்சு. அம்மாவோட வாழ்க்கைய அவர் கையில விட மனசு வரமாட்டேங்குது. நடுராத்திரி சர்க்கரை இறங்கினா பக்கத்துல யாரு இருப்பாங்க?

போன வாரம் போன் பண்ணாங்க. முன் ரூம்ல ஓடு ஒழுகுதாம், மழைக்கு முன்னாடி மாத்தணுமாம். இங்க ரெண்டாவது பெட்ரூமுக்குக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறதை நான் சொல்லலை. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கேன். ஆராதனை முடிஞ்சதும் ஓட்டு வேலைக்காரர் வர்றேன்னிருக்கார்.