அத்தையும் திண்டுக்கல் பூட்டும்

'பாசிட்டிவ்'ங்கிற ஒரே வார்த்தையை வச்சு என் அத்தையை ஒரு வாரம் தூங்கவிடாம பண்ண பாவி நான். அந்தக் கதையை இப்பவாவது எழுதிடறேன்.

2020 ஜூன். நான் சென்னையில வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தேன். அத்தை திண்டுக்கல்ல. வயசு 47. மார்புல கட்டி. ஊசி வழியா சதை எடுத்துப் பார்த்து, கேன்சர்தான்னு டாக்டர் சொல்லியிருந்தார். நாலு நாள் கழிச்சு இன்னொரு ரிப்போர்ட் வந்தது. வீட்டுல இங்கிலீஷ் படிச்சவன்னு என் மேல ஒரு நம்பிக்கை (பாவம்!). வாட்ஸப்ல அனுப்பி, படிச்சுச் சொல்லுடான்னாங்க.

ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பாசிட்டிவ். புரோஜெஸ்டிரோன் ரிசெப்டர் பாசிட்டிவ். ஹெர்-2 நெகட்டிவ்.

எனக்கு இதுல என்ன புரியும்? "மூணுல ரெண்டு பாசிட்டிவ் அத்தை"ன்னு குரலை இறக்கிச் சொன்னேன். அந்த சமயத்துல பாசிட்டிவ்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். தெருவுக்குத் தகரம் அடிச்சுட்டுப் போவாங்க. மறுமுனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அதுவும் வந்துருச்சாடா மருமகனே?"ன்னாங்க.

ஒரு வாரம் கழிச்சு டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துட்டு, "நல்லதும்மா, இதுக்கு மாத்திரை இருக்கு"ன்னாராம். அத்தை போன் பண்ணி என்னைத் திட்டின திட்டை இங்க எழுத முடியாது :-)

அந்த வெட்கத்துலதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

ஈஸ்ட்ரோஜன் ரத்தத்துல உடம்பு பூரா சுத்துது. ஆனா எல்லா செல்லும் அதை ஒரே மாதிரி கண்டுக்கறதில்ல. எந்த செல்லுக்குள்ள அதைப் பிடிச்சுக்கற புரதம் இருக்கோ, அந்த செல்தான் அது சொல்றதைக் கேட்கும். அந்தப் புரதம்தான் ரிசெப்டர். ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டினதும் இது டி.என்.ஏ. மேல போய் உட்கார்ந்து, 'வளரு, பெருகு'ன்னு சில ஜீன்களை முடுக்கிவிடும். மார்பகப் புற்றுநோய்கள்ல 100க்கு ஏறக்குறைய 70, இந்த ரிசெப்டர் இருக்கறவைதான்.

இதைக் கண்டுபிடிச்சவர் சிகாகோ பல்கலைக்கழகத்துல இருந்த எல்வுட் ஜென்சன். 1950களோட கடைசியில, ஹார்மோன் உடம்புக்குள்ள என்னவா மாறுதுன்னு மத்தவங்க தேடிக்கிட்டு இருந்தப்போ, இவர் 'அது எங்கதான் போகுது?'ன்னு கேட்டார். கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை எலிக்குக் கொடுத்துப் பார்த்தா, கர்ப்பப்பை அதை மாத்தாம அப்படியே பிடிச்சு வச்சிருந்தது. அதுக்கு முன்னாடி, 1896லயே ஜார்ஜ் பீட்சன்னு ஒரு ஸ்காட்லாந்து சர்ஜன், சூலகத்தை எடுத்தா சில பெண்களுக்கு மார்புக் கட்டி சுருங்குதுன்னு எழுதியிருந்தார். ஆனா யாருக்குச் சுருங்கும், யாருக்குச் சுருங்காதுன்னு தெரியாமலே பல வருஷம் எத்தனையோ பேருக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. சுமாரா மூணுல ஒருத்தருக்குத்தான் பலன். அந்த ஒருத்தர் யாருன்னு முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடிஞ்சது இந்த ரிசெப்டரைப் பார்த்த பிறகுதான். நான் குரலை இறக்கிப் படிச்ச அந்த 'பாசிட்டிவ்' அதுதான்!

மாத்திரையோட கதை இன்னும் வேடிக்கை. டாமோக்சிபென். 1962ல இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனியில டோரா ரிச்சர்ட்சன்னு ஒரு பெண் வேதியியலாளர் தயாரிச்சாங்க. நோக்கம் கருத்தடை. எலிக்கு வேலை செஞ்சது. பெண்களுக்கோ கருமுட்டை வெளியாகறதைத் தூண்டிவிட்டது. கருத்தடைக்கு நேர் எதிர்! அப்படித் தோத்துப்போன மருந்துதான் 1973ல பிரிட்டன்ல மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கிச்சு.

இதையெல்லாம் அத்தைக்கு எப்படிச் சொல்றது? மாமா பூட்டுப் பட்டறையில முப்பது வருஷம் உழைச்சவர். அவர்தான் கேட்டுட்டு ஒரே வரியில முடிச்சார்: "வேற சாவி மாப்ள. உள்ள போகும், திரும்பாது. அது உள்ள கிடக்கிற வரைக்கும் நெச சாவி போகாது." நான் ரெண்டு ராத்திரி படிச்சது இவ்வளவுதான்.

ஆபரேஷன், கதிர் சிகிச்சை எல்லாம் முடிஞ்சு, மாத்திரை ஆரம்பிச்சது 2020 டிசம்பர்ல. தினம் ஒண்ணு.

2022 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பீரோவுல துண்டு எடுக்கப்போனா, சேலைக்கு அடியில பிரிக்காத அட்டை அட்டையா மாத்திரை. எண்ணிப் பார்த்தேன். கிட்டத்தட்ட நாலு மாசத்துக்கு உண்டானது.

"நோய்தான் போயிருச்சேடா"ன்னாங்க. நான் கத்தினேன். அத்தை கத்தல. "ராத்திரியில உடம்பு தீயா எரியுது. எந்திரிச்சு உட்கார்ந்தா சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு. மூட்டெல்லாம் வலி. இதை யார்கிட்ட சொல்ல? உங்களுக்கெல்லாம் நான் பொழைச்சதே போதும்."

சுருக்குன்னு இருந்துச்சு. ரிசெப்டர் மார்புல மட்டுமா இருக்கு? மூளையில, எலும்புல, ரத்தக்குழாய்ல, கர்ப்பப்பையில எல்லாம் இருக்கு. ஆம்பளைக்கும்தான். 1994ல ஒரு 28 வயசு ஆளைப் பத்தி அமெரிக்க டாக்டர்கள் எழுதினாங்க. ரிசெப்டர் வேலை செய்யாம பிறந்தவர். 204 செ.மீ. உயரம், இன்னும் வளர்ந்துக்கிட்டே இருந்தார், எலும்போ சல்லடை. இந்த மாத்திரையும் இடத்துக்கு இடம் வேற முகம் காட்டும். மார்புல பூட்டை அடைக்கும். மாதவிடாய் நின்ன பெண்களோட எலும்புல ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்து காப்பாத்தும். கர்ப்பப்பையிலயும் அதே மாதிரி நடந்துக்கும், ஆனா அங்க அது நல்லதில்ல. அதனாலதான் வழக்கத்துக்கு மாறா ரத்தம் பட்டா உடனே வரச் சொல்றாங்க. ரத்தக்கட்டு ஆபத்தும் உண்டு. இவ்வளவு படிச்ச நான், அத்தைகிட்ட "ராத்திரி தூங்கறீங்களா?"ன்னு ஒரு நாள் கேட்டதில்ல.

ஆனா நிறுத்தறதும் சரியில்லையே. இந்த வகைப் புற்றுநோய் பத்து, பதினஞ்சு வருஷம் கழிச்சும் திரும்பி வரலாம். அஞ்சு வருஷம் டாமோக்சிபென் எடுக்கறதால, 15 வருஷக் கணக்குல இந்த நோயால சாகறது ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு 2011ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னாங்க. அட்டையை பீரோவுல வச்சா அந்தக் கணக்கு நமக்குக் கிடையாது.

மறுநாளே டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் அவர்கிட்ட வழி இருந்தது. நாங்கதான் கேட்கல. வெளிய வரும்போது மாமா சொன்னார்: "சாவியை எடுத்துட்டா பூட்டு சும்மாதானே தொங்கும்?"

அத்தை மறுபடி ஆரம்பிச்சாங்க. அஞ்சு வருஷக் கணக்கு முடிஞ்சப்போ, இன்னும் அஞ்சு வருஷம் தொடரலாம்னு டாக்டர் சொன்னார். அத்தை பெருமூச்சு விட்டுட்டு, "சரி, பழகிருச்சு"ன்னாங்க.

இப்பவும் தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தைகிட்டேருந்து போன் வரும். "போட்டாச்சுடா." நான் முதல்ல கேட்கறது, "நேத்து தூங்கினீங்களா அத்தை?"

உங்க வீட்டுலயும் யாராவது இந்த மாத்திரை போடறாங்களா? அட்டையை மட்டும் எண்ணாதீங்க. ராத்திரி தூங்கினாங்களான்னும் ஒரு வார்த்தை கேளுங்க.