ஹவா நிகாலி, சாப்?

பஸ்ஸில் ஏசி ஓடவில்லை என்று சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஹீட்டர் ஓடவில்லை என்று ஒரு பஸ்ஸே சண்டை போட்டதை மணாலிக்குப் போகும் வழியில்தான் பார்த்தேன். ஜனவரி மாத ராத்திரி. அந்த வண்டிக்கு "ஓகே" என்று கையெழுத்துப் போட்ட மகானுபாவன் அடியேன்தான் :-(

வேலை சண்டிகரில், சொகுசு பஸ்களைப் பராமரிக்கும் பணிமனையில். அன்று நானும் அதே வண்டியில் போய்க் கொண்டிருந்தேன். இடது பக்க ஹீட்டர்கள் சுடுகின்றன. வலது பக்கம் ஐஸ். காலுக்கடியில் குழாயில் 'களக் களக்' என்று சத்தம். கைக்குழந்தையோடு வலது பக்கம் இருந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையைச் சால்வைக்குள் இழுத்துக் கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மண்டி தாண்டி ஒரு டாபாவில் வண்டியை நிறுத்தினார் டிரைவர். நாங்கள் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். வலது பக்கம் போகிற ஹோஸ், வருகிற ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹவா ஹை, சாப்." காற்று!

விஷயம் இதுதான். எஞ்சினைச் சுற்றிச் சூடாகும் கூலண்டை ஒரு சின்னப் பம்பு தரையோரக் குழாய்கள் வழியாகத் தள்ளும். சூட்டைப் பஸ்ஸுக்குள் விட்டுவிட்டு அது எஞ்சினுக்கே திரும்பும். நடுவில் காற்று புகுந்தால், குழாய் எங்கே மேடேறுகிறதோ அங்கே போய் உட்கார்ந்து கொள்ளும். எங்கள் வண்டியில் சக்கரத்துக்கு மேலே வளையும் இடம். பம்பு திரவத்தைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. ஊரில் கிணற்று மோட்டாருக்கு ஏர் எடுப்பதை ஆயிரம் தடவை பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். மதியம் ஒரு ஹோஸை மாற்றினேன். ஹீட்டர் வால்வைத் திறக்காமலே கூலண்டை மளமளவென்று ஊற்றினேன். தொட்டி நிறைந்தது, மூடினேன். அவசரம்!

உஸ்தாத் அவசரப்படவில்லை. எஞ்சினை அணைத்து ஆறவிட்டார். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பிறகு எல்லா வால்வுகளையும் முழுதாகத் திறந்து, கூலண்டை மெதுவாக ஊற்றி, மேட்டில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று, அப்புறம் நுரை, கடைசியில் நுரையில்லாத ஒரே ஒழுக்கு. மூடி, ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி. மூன்று முறை. பயணிகள் அதற்குள் இரண்டு டீ குடித்துவிட்டார்கள்.

குளிராவது பரவாயில்லை. வெப்பம் பார்க்கும் சென்ஸார் காற்றில் மாட்டிக் கொண்டால் முள் சாதுவாக நிற்கும், எஞ்சின் உள்ளே வெந்து கொண்டிருக்கும். மலையேற்றத்தில் அப்படி ஆகியிருந்தால்? நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அதன்பிறகு எனக்குச் சில சட்டங்கள். தளர்ந்த கிளாம்ப் ஒன்றையும் விடுவதில்லை, பம்பு உறிஞ்சும் பக்கம் சொட்டாமலே காற்றை இழுக்கும். தொட்டி மூடியின் ரப்பரைப் பார்ப்பேன். கூலண்ட் அடிக்கடி குறைந்து, ஏர் எடுத்தும் குமிழி வந்து கொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுவேன். முக்கியமாக, ஒரு ஓட்டம் ஓடி ஆறிய பின் மட்டம் பார்க்காமல் கையெழுத்துக் கிடையாது.

மணாலி வந்து சேர்ந்தபோது அந்தக் குழந்தை சால்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக் கொண்டிருந்தது.

உஸ்தாத் மட்டும் இன்னும் விடுவதாயில்லை. நான் சாவியைக் கொடுக்கும்போதெல்லாம் அதே கேள்வி: "ஹவா நிகாலி, சாப்?" ஏர் எடுத்தாச்சாம் :-)