அடுப்பின் கணக்கு

குறுந்தொகையின் 167ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், தாளிப்புப் புகை படிந்த தலைவியின் கண்களைக் காதலின் அடையாளமாகவே நாம் விளக்கி வந்திருக்கிறோம். கூடலூர் கிழாரின் நோக்கமும் அதுவே. ஆயினும் சென்ற பருவத்தில் ஒரு மாணவி, "ஐயா, அந்தப் புகை வெளியேற வழியே இல்லையா?" என்று வினவினாள். வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை.

காந்திகிராமத்துக்கு அருகில் நமது வீடு. அடுக்களையில் மண் அடுப்பு. அதை ஒட்டி, அதன் மிகுதிச் சூட்டிலேயே குழம்பைக் கொதிக்கவைக்கும் கொடியடுப்பு. மூன்று கல் கூட்டிய அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேரும் என்பர். அதை இரு மடங்காக்கவும் புகையைக் கூரைக்கு மேல் அனுப்பவும் ஐதராபாத்தின் எஸ்.பி. ராஜு 1950களிலேயே வழி கண்டிருந்தார். 1983இல் நடுவண் அரசும் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கெனத் திட்டம் தொடங்கியது.

1990களின் தொடக்கத்தில் நம் வீட்டிலும் புகையில்லா அடுப்பு அமைந்தது. விறகு குறைந்தது, சுவர் வெளுத்தது. மறு ஆண்டே சிமெண்ட் குழாயில் கரி அடைத்தது. கூரையேறித் துடைக்க வேண்டியவர்கள் தந்தையும் நாமும். இருவரும் ஏறவில்லை. அம்மா மீண்டும் ஊதாங்குழலைக் கையில் எடுத்தார்.

ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொதிக்கவைக்க 70 கிலோ கலோரி வேண்டும். மூன்று கல் அடுப்புக்கு அது சுமார் 180 கிராம் காய்ந்த விறகு. நல்ல புகையில்லா அடுப்புக்கு 90 கிராம். எரிவாயுவில் 10 கிராமுக்கும் குறைவு. மின்தூண்டல் அடுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு யூனிட். மின் அடுப்பே வென்றதாகத் தோன்றும். எனினும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் இரு பங்கு அனல்மின் நிலையத்திலேயே வீணாகிறது. புகை நம் அடுக்களையை விட்டு வேறோர் ஊருக்குப் போயிருக்கிறது, அவ்வளவே.

இந்தக் கணக்குகளை நாம் பிழையின்றிப் போட்டுவிடுகிறோம். அம்மாவின் இருமலை எந்த விழுக்காட்டில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. எரிவாயு வந்து ஆண்டுகள் பல ஆகியும் இருமல் போகவில்லை.

மெழுகி மெழுகிக் காத்த அந்தப் பழைய அடுப்பு இன்று வெந்நீருக்கு மட்டும். சென்ற ஞாயிறன்று கூரையேறிக் குழாயைத் துடைத்தோம். அரை மணி நேரம். இரண்டு கை கரி. கீழே நின்று பார்த்திருந்த அம்மா கேட்டார்: "இம்புட்டு வேலைதானாப்பா?"