காலிமுகத்திடலின் தள்ளுவண்டிகள்

கொழும்புக்கு வரும் குடும்பங்கள் காலிமுகத்திடலைப் பாராமல் ஊர் திரும்புவது குறைவு. நீங்களும் ஒரு நாள் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மேற்கே கடல். வடக்கே பழைய பாராளுமன்றக் கட்டடம். தெற்கே 1864ஆம் ஆண்டு முதல் நிற்கும் பழைய ஹோட்டல். வடமேற்கே கடலை நிரப்பி உருவாக்கப்பட்ட துறைமுக நகரம். நடுவே புல்வெளியில் பிள்ளைகளின் பட்டங்கள்.

இங்குள்ள நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தவர் ஆங்கிலத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். கொழும்பு நகரின் பெண்கள், சிறுவர்களின் நலனுக்காக இதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டொன்று இங்கே உண்டு. ஆகவே சகோதரியே, இது உங்களுக்கென்றே விடப்பட்ட இடம்.

இப்பொழுது தள்ளுவண்டிகள் நிற்கும் பக்கம் வாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இறால் வடைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்து வண்டியில் உப்பும் கொச்சிக்காய்த் தூளும் பிரட்டிய அன்னாசி, மாங்காய், அம்பரெல்லா. அப்பால் கடலை. வாங்கித் தின்பவராக மட்டும் நில்லாமல், சற்று நேரம் வியாபாரியின் கண்ணாலும் பாருங்கள். "நாமும் சிறிதாக ஒரு கடை போட்டால் என்ன?" என்று பேசிக்கொள்ளும் வீடுகள் இன்று அதிகம். கணவரின் உழைப்புப் போதாத வீடுகளும், கணவரை இழந்த சகோதரிகளின் வீடுகளும் அவற்றுள் உண்டு.

முதலில் கவனிக்க வேண்டியது, ஒரு வண்டியில் பல சாமான்கள் இல்லை. ஒன்றிரண்டுதான். அதனால் முதல் குறைவு, மிஞ்சிப் பழுதாவதும் குறைவு. இரண்டாவது, ஒரே பொருளை விற்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இறால் வடை இங்கே கிடைக்கும் என்று ஊரே அறிந்திருப்பதால் எல்லோரிடமும் ஆள் வருகிறது. மூன்றாவது, வடை உங்கள் கண்முன்னே சூடாகிறது. வாங்குபவரின் நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. கறுத்த எண்ணெயையும் பழுதான இறாலையும் கொச்சிக்காய்ச் சாற்றால் மறைப்பவர் அன்றைய காசைப் பெறுவார். மறுநாள் வாடிக்கையை இழப்பார். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நீங்கள் அறிவீர்கள்.

வண்டி நிற்பது கடற்கரையில் என்றாலும் வியாபாரம் தொடங்குவது குசினியில். பருப்பை ஊறவைப்பது, இறாலைக் கழுவுவது, வெங்காயம் அரிவது எல்லாம் வீட்டு வேலைகள். எனவே வண்டி வாங்குவதற்கு முன் உங்கள் வாசலில் ஒரு மேசை போட்டுப் பாருங்கள். நூறு வடை சுட்டு எத்தனை விற்றது, எத்தனை மிஞ்சியது என்று ஒரு மாதம் கொப்பியில் எழுதுங்கள். மாலையில் பெட்டியிலுள்ள காசெல்லாம் இலாபம் அல்ல. நாளைய பருப்புக்கும் எண்ணெய்க்கும் காஸுக்கும் உரியதை முதலில் எடுத்து வைத்து, மீதியில்தான் வீட்டுச் செலவைப் பார்க்க வேண்டும். இதைப் பிரிக்காத கடைகளே விரைவில் மூடப்படுகின்றன.

எல்லா நாளும் ஒரு நாள் போல் இராது. போயா தினத்திலும் பெருநாளிலும் திடல் நிரம்பும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். கடல் கொந்தளித்து மழை பெய்யும் மாலைகளில் ஆள் வராது. 2022இல் காஸுக்காக நாம் வரிசையில் நின்றோம். அவ்வாண்டு ஏப்ரல் 9 முதல் இதே திடலில் மக்கள் கூடாரமடித்துப் போராடினார்கள். இத்தகைய நாட்களைத் தாங்க ஒரு சிறு சேமிப்பு வேண்டும். நகையை அடகு வைத்து, வட்டிக்கும் எடுத்து வண்டி வாங்கியவருக்கு மழை நாளிலும் தவணை நிற்காது. வட்டி மார்க்கத்தில் ஹராம் என்பது ஒருபுறம். நாட்கூலி போன்ற வருமானத்தை அது வேரோடு தின்றுவிடும். உறவினரிடம் வட்டியில்லாக் கடன் கேளுங்கள். அதையும் எழுதி, சாட்சி வையுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதே.

இடத்துக்குரிய அனுமதியின்றி எங்கும் வண்டியை நிறுத்தாதீர்கள். ஒரே நாளில் முதல் போய்விடும். உள்ளூராட்சி சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்கூட்டியே விசாரியுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தள்ளுவண்டிக்கும் பொருந்தும்.

சிறு வியாபாரம் என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று கேட்டார்கள். சந்தையிலிருந்து பாலாடைக்கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் ஸஹாபாக்களில் பெரும் செல்வந்தராகவும் வாரி வழங்குபவராகவும் விளங்கினார்கள்.

உங்கள் கையால் சுடும் வடையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.