கம்பியின் மேல் வைத்த நம்பிக்கை

வங்கிக் கிளையில் ‘லிங்க் இல்லை’ என்று அறிவிக்கப்படும் நாளில் அங்கே எந்த வேலையும் நடப்பதில்லை. காசாளர் இருப்பார், பெட்டியில் பணமும் இருக்கும், ஓய்வூதியம் பெற வந்த முதியவர் பாஸ்புக்குடன் காத்திருப்பார். ஆயினும் அவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவராலும் இயலாது. பேரேடுகள் கிளைகளில் இருந்த காலம் போய், கோர் பேங்கிங் வந்தபின் கணக்குகள் யாவும் தொலைவிலுள்ள தரவு மையத்துக்குச் சென்றுவிட்டன. கிளையையும் மையத்தையும் இணைக்கும் தடமே இன்று பேரேட்டின் இடத்தில் இருக்கிறது.

அந்தத் தடத்தை எவ்வாறு அமைப்பது என்ற கேள்விக்கு இன்று பல நிறுவனங்கள் காணும் விடை எஸ்டி-வான், அதாவது மென்பொருளால் ஆளப்படும் விரிபரப்பு வலையமைப்பு. செலவு குறையும், பாதுகாப்பு கூடும் என்பது விற்பவர்களின் வாக்குறுதி. முதலாவது பெரும்பாலும் மெய். இரண்டாவது ஒரு நிபந்தனையோடுதான் மெய். அந்த நிபந்தனையைப் பற்றி ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

பழைய ஏற்பாட்டின் தர்க்கம் எளியது. 1999 இல் ஐதராபாத்தின் ஐடிஆர்பிடி நிறுவனம் இந்திய வங்கிகளுக்கென இன்ஃபினெட் என்ற மூடிய வலையமைப்பைத் தொடங்கியது. விசாட் செயற்கைக்கோள் இணைப்புகளில் தொடங்கிய அது பின்னர் குத்தகைத் தடங்களுக்கும் விரிந்தது. பிற தொழில்துறையினர் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் எம்பிஎல்எஸ் சேவையை நாடினர். பொது இணையத்தைத் தொடாத தனித்தடம் பாதுகாப்பானது என்பதே இவற்றின் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஒரு விரிசல் உண்டு. எம்பிஎல்எஸ் ஒரு நிறுவனத்தின் தரவை அடையாளச் சீட்டிட்டு மற்றவர் தரவிலிருந்து பிரித்து அனுப்புகிறது. ஆனால் தானாக அதைக் குறியாக்கம் செய்வதில்லை. ஒரு நிறுவனத்தின் கடிதங்கள் தனிப் பையில் போகின்றன என்பது சரி. பைக்குள் இருப்பவை உறையிடாத அஞ்சலட்டைகள். பையைச் சுமப்பவரை நம்பியே அந்தப் பாதுகாப்பு நின்றது.

புதிய முறையின் வேர் பல்கலைக்கழக ஆய்வில் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் இரண்டு வேலைகளைச் செய்கிறது: தரவு எவ்வழி போகவேண்டும் என்று முடிவெடுப்பது ஒன்று, முடிவுப்படி அனுப்புவது மற்றொன்று. முடிவெடுக்கும் வேலையைத் தனியே பிரித்து, ஒரு மையக் கட்டுப்பாட்டகத்தில் வைத்தால் என்ன என்பதே ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் கசாடோவும் உடனாய்வாளர்களும் 2007 இல் வெளியிட்ட ‘ஈத்தேன்’ ஆய்வின் கேள்வி. 2008 இல் நிக் மெக்கியோன் குழுவினரின் ‘ஓப்பன்ஃப்ளோ’ அதைப் பொதுவான நெறிமுறையாக்கியது. 2013 இல் கூகுள் தன் தரவு மையங்களுக்கு இடையிலான ‘பி4’ வலையமைப்பைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. பழுதுக்கு இடம்விட்டு, சராசரியாகத் தடங்களின் கொள்ளளவில் 30 முதல் 40 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்துவது அதுவரையிலான வழக்கம். பி4 தன் தடங்கள் பலவற்றை முழுக் கொள்ளளவை நெருங்கப் பயன்படுத்திக் காட்டியது.

கிளை அலுவலகங்களுக்கு வந்த எஸ்டி-வான் இதே எண்ணத்தின் சிறிய வடிவம். ஒரு பிராட்பேண்ட், ஒரு 4ஜி சிம், தேவையெனில் ஒரு குத்தகைத் தடம் ஆகிய அனைத்தையும் ஒரே கருவி கையாள்கிறது. ஒவ்வொன்றின் தாமதத்தையும் இழப்பையும் தொடர்ந்து அளந்து, பணப் பரிவர்த்தனையை நல்ல தடத்திலும் மென்பொருள் புதுப்பிப்பை மலிவான தடத்திலும் அனுப்புகிறது. அனுப்புவதை ஐபிசெக் முறையில் குறியாக்கம் செய்கிறது. அஞ்சலட்டை இங்கே அரக்கு முத்திரையிட்ட உறையாகிவிடுகிறது. சுமப்பவர் யாராக இருந்தாலும் கவலையில்லை.

எனினும் நம்பிக்கை மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு அது கம்பியின் மேல் இருந்தது. இப்போது முத்திரை குத்தும் கட்டுப்பாட்டகத்தின் மேல் இருக்கிறது. நாற்பது கிளைகளின் விதிகளையும் ஒரு திரையிலிருந்து மாற்ற முடிவது வசதி. அந்தத் திரையின் கடவுச்சொல் தவறானவர் கையில் சிக்கினால், நாற்பது கிளைகளும் ஒருங்கே சிக்கும். நிர்வாக மென்பொருள் வழியாகவே பகைவர் நுழையலாம் என்பதை 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் நிகழ்வு காட்டியது. வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளின் புதுப்பிப்பே அங்கே நச்சைச் சுமந்து சென்றது. பகைவர் இல்லாமலும் கேடு நேரலாம். 2023 மே மாதம், பரவலாகப் பயன்பட்ட ஒருவகை எஸ்டி-வான் கருவிகளில் பதிந்திருந்த டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானது. அந்தக் கருவிகள் கட்டுப்பாட்டகத்துடன் மீண்டும் இணைய இயலாமல் போகும் நிலை ஏற்பட, தயாரிப்பாளர் அவசரமாகத் திருத்திய மென்பொருளை வெளியிட நேர்ந்தது. கம்பி எதுவும் அறுபடவில்லை. ஒரு தேதி கடந்துபோயிற்று, அவ்வளவே.

இந்திய மண்ணுக்கென்று வேறு சில கேள்விகளும் உண்டு. இரு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும் என்று வரைபடம் சொல்லும். இரண்டு இழைகளும் ஒரே சாலையோரக் குழியில் கிடந்தால், ஒரு ஜேசிபி இரண்டையும் ஒரே வீச்சில் அறுத்துவிடும். ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 3000 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கிட்டு, 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியையே தொடங்கவேண்டி வந்தது. இணைய முடக்கம் மற்றொன்று. ராஜஸ்தானில் 2021 இல் ஆசிரியர் தகுதித் தேர்வுக்காகப் பல மாவட்டங்களில் மொபைல் இணையம் நிறுத்தப்பட்டது. அத்தகைய நாளில் 4ஜி சிம்மை மாற்றுத் தடமாக எண்ணியிருந்த கிளைக்கு மாற்று ஏதும் இல்லை. விசாட்டை மாற்றாக வைப்போருக்கும் இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கிறது: புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு கேள்வி போய் விடை திரும்ப அரை நொடியளவு ஆகும். எந்த மென்பொருளும் ஒளியின் வேகத்தைக் கூட்டாது.

சட்டமும் ஒரு கேள்வி வைத்திருக்கிறது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, இணையப் பாதுகாப்பு நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்கவேண்டும். கட்டுப்பாட்டகம் விற்பவரின் மேகக் கணினியில் இருக்குமானால், அந்தப் பதிவுகள் யாரிடம் இருக்கின்றன? இரவு இரண்டு மணிக்கு அவற்றைக் கேட்டால் எடுத்துத் தரக் கடமைப்பட்டவர் யார்? ஒப்பந்தம் இதற்கு விடை சொல்லாவிட்டால், 6 மணி நேரமும் தொலைபேசியிலேயே கழியும்.

ஆகவே தேர்வுக்குழு முதலில் கேட்கவேண்டியது விலையை அன்று. கட்டுப்பாட்டகம் எங்கே இருக்கிறது, குறியாக்கச் சாவிகள் யாரிடம் உள்ளன, நிர்வாகக் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு உண்டா, ஒருவர் செய்யும் விதிமாற்றத்தை மற்றொருவர் ஒப்பவேண்டுமா, கட்டுப்பாட்டகம் எட்டாதபோது கிளை எத்தனை நாள் தானே இயங்கும், சான்றிதழ்கள் எப்போது காலாவதியாகும், இழைகள் எந்தத் தெரு வழியே வருகின்றன என்பவை முதற்கேள்விகள். வெள்ளோட்டத்தையும் குளிரூட்டிய தலைமையகத்தில் நடத்திப் பயனில்லை. மின்சாரம் அடிக்கடி போகும், இணைப்பு மிக மோசமான ஒரு கிளையில், ஒரு மாதக் கடைசியிலும் அடுத்த மாதத் தொடக்கத்திலும் நடத்தவேண்டும். அங்கே ஒரு தடத்தை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்க்கவேண்டும். பின்னர் கட்டுப்பாட்டகத்தின் தொடர்பையும் துண்டித்துப் பார்க்கவேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்குமானால் எஸ்டி-வான் பழைய தனித்தடத்தைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. முகவரி தெரியாத நம்பிக்கையை அது முகவரி உள்ள நம்பிக்கையாக்குகிறது. விடை கிடைக்காத நிறுவனம் இன்னும் ஓராண்டு பழைய தடத்துக்கே வாடகை செலுத்திக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு அழைப்பை எடுக்கக்கூடிய இரண்டு பேரைப் பயிற்றுவிப்பது நல்லது. அந்த இருவர் இல்லாமல் வாங்கப்படும் கருவி எவ்வளவு நவீனமானதாயினும், அதன் சாவி விற்றவரிடமே இருக்கும்.